கெனடி கொலையை ஆராய்கிறவர்களை ஒதுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு பதிப்பில் வந்த, அமெரிக்க ஜனாதிபதி கெனடி 1963இல் சுட்டுக் கொல்லப்பட்டது பற்றிய கட்டுரை, சதிகாரர்களைத் தேடும் சாதாரண ஆட்களை எல்லாம் வேலையற்றவர்கள் என்று ஒரே வரியில் ஒதுக்கியது சரியில்லை. 1964இல் கொலையை விசாரித்த வொரன் ஆணைக்குழு, கைதான ஒஸ்வால்ட் தனியாளாகவே சுட்டதாகச் சொன்னது. 1979இல் அமெரிக்கக் காங்கிரஸ் குழு, பொலிஸ் வானொலிப் பதிவில் ஒஸ்வால்ட் சுட்ட மூன்றைத் தவிர நான்காவது வெடிச்சத்தமும் இருப்பதாக நிபுணர்கள் சொன்னதை முக்கியமாக வைத்து, பெரும்பாலும் சதிதான் என்றது. அந்தப் பதிவு ஒரு சஞ்சிகையோடு பிளாஸ்டிக் இசைத்தட்டாக வந்தபோது, ஓஹையோவில் ட்ரம்ஸ் வாசிக்கிற ஒருவர் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, வெடிச்சத்தம் என்று சொன்ன அதே இடத்தில், சூடு நடந்து முடிந்த பிறகு ஷெரிப் பேசிய குரல் மங்கலாகக் கேட்பதைப் பிடித்துவிட்டார். அப்படியானால் அந்தச் சத்தம் கெனடியைச் சுட்ட வெடியாக இருக்க முடியாது; 1982இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் குழுவும் அதை ஏற்றது. நிபுணர்கள் கவனிக்காதது அவர் காதில் விழுந்தது!

அதற்காக, ஆதாரமில்லாமல் ஒருவரைச் சதிகாரர் என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். அப்படி ஒரு பேச்சுக் கிளம்பினால் குடும்பமே எத்தனை காலம் சுமக்க வேண்டும், யாழ்ப்பாணத்தில் இருக்கிற எங்களுக்குத் தெரியாததா? ஆனால் பதிவை உட்கார்ந்து கேட்பவரும் வாய்க்கு வந்ததைச் சொல்பவரும் ஒன்றல்ல. அடுத்த வாரம் அந்த ஒலிப்பதிவின் கதையையும் போடுங்கள்.

வாசகர்,
நல்லூர், யாழ்ப்பாணம்.