புக்கு வந்து சேந்துச்சு தம்பி

தம்பி, புக்கு பார்சல் வந்து சேந்துருச்சு. போன்ல சொல்லலாம்னு பாத்தா நீ எப்பவும் மீட்டிங்ல இருக்க, இல்லன்னா பாலத்துல ஜாம்ல நிக்கற, அதான் எழுதறேன், இதையாவது முழுசா படிப்ப.

ஒன்னு கோயில் தலைவருக்கு குடுத்தேன், ஒன்னு மகாத்மா காந்தி கலாசாலைக்கு, நீ படிச்ச ஸ்கூலாச்சே, அங்க டீச்சருங்க எல்லாம் உன் பேர வெரலால தடவித் தடவி பாத்தாங்க. பசார்ல கீர விக்கிற அக்காவுக்குக்கூட விசயம் தெரிஞ்சிருக்கு, சுங்கை சிப்புட்ல யாரு மகன் ரெண்டு புக்கு போட்டிருக்கான்னு என்னையே கேக்கறாங்க. ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டுன கைதான் இது, இந்தக் கையில உன் புக்கு இருக்குறது எனக்கு எவ்வளவு பெருசுன்னு உனக்குத் தெரியாது.

அப்பா நீ மொதல்ல போட்ட பழைய சினிமா புக்க இன்னும் விட்ட பாடில்ல. 1950ல பாக்திங்கற மலாய் படத்துல பி. ரம்லிய மொதமொதலா கதாநாயகனா போட்டது எல். கிருஷ்ணன்னு நீ எழுதியிருக்க இல்ல, அத பக்கத்து வீட்டு மலாய்க்கார பாக்சிக்கிட்ட சொல்லி ஒரே வாக்குவாதம். அதுக்கும் முன்னாடி 1933ல சிங்கப்பூர்ல எடுத்த லைலா மஜ்னுனும் நம்ம இந்தியாக்காரரு ராஜ்ஹன்ஸ் எடுத்ததுதான்னு அப்பா சொன்னதும் மனுசன் கொஞ்ச நேரம் பேசல, அப்பறம் அந்தப் பக்கத்த போட்டோ புடிச்சு அவரு மகனுக்கு அனுப்பிட்டாரு. தமிழ் படிக்கத் தெரியாட்டியும் அனுப்பியிருக்காரு, பாரேன்.

நான் படிக்கறது வேற பக்கம். கலைவாணர் பத்தி எழுதுனதத்தான் திரும்பத் திரும்ப எடுக்கறேன். 1944 கடைசியில லட்சுமிகாந்தன் கொலக் கேஸ்னு பாகவதரையும் அவரையும் புடிச்சிட்டுப் போயிட்டாங்க, அந்த வருசம் தீபாவளிக்கு வந்த ஹரிதாஸ் மெட்ராஸ் பிராட்வே தியேட்டர்ல ஓடிக்கிட்டே இருக்கு, மூனு தீபாவளி கண்ட படம், அதுல பாடுனவரு உள்ள, சிரிக்க வச்சவரும் உள்ள. எங்கப்பா இந்தக் கதைய லயத்து வாசல்ல ஒக்காந்து சொல்றப்ப அழுதுருவாரு, பாகவதர் மாதிரியே முடி வச்சிருந்தவராச்சே. ஆயுள் தண்டனன்னு தீர்ப்பாச்சு, ஹைகோர்ட்டும் தள்ளிருச்சு, லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போயிதான் 1947ல ரெண்டு பேரும் வெளிய வந்தாங்க. இவ்வளவும் நல்லா எழுதியிருக்க. ஆனா தம்பி, அந்த மதுரம் அம்மாவப் பத்தி ஏன் நாலே வரி? புருசன் ஜெயில்ல இருக்கறப்ப கேசுக்கு அலைஞ்சது யாரு, நாடக சபா கலைஞ்சு போகாம நின்னது யாரு? ஹரிதாஸ்லயே அவரோட சேந்து நடிச்சவங்கதானே. டி.பி. ராஜலட்சுமிக்கு தனியா ஒரு அத்தியாயம் குடுத்திருக்க, 1931ல காளிதாஸ்ல நடிச்சதும், 1936ல மிஸ் கமலாவ அவங்களே டைரக்ட் பண்ணுனதும் எல்லாம் இருக்கு, எனக்கு சந்தோசம். மதுரம் அம்மா மட்டும் கலைவாணர் கதைக்குள்ள ஓரமா வந்துட்டுப் போறாங்க. வீட்ல பக்கத்துலயே இருக்கறவங்க கண்ணுக்குப் படறதில்ல போல. அடுத்த பதிப்புல சேத்துரு.

சரி, இந்தப் புது புக்குக்கு வர்றேன். ஜனங்க தெனமும் பேசற வேடிக்கப் பேச்சயெல்லாம் நீ எப்பத்தான் எழுதி வச்சியோ. அப்பாயி சொன்னதப் படிச்சு அப்பாவுக்கு சிரிச்சு சிரிச்சு இருமல் வந்துருச்சு, "பையன் குடிக்க மாட்டான்"னு தரகர் சொன்னதுக்கு "வாங்கிக் குடுத்தாலுமா"ன்னு கேட்டுச்சே, அது. தோட்டத்துல காலைல பேரு கூப்புடற பெரட்டுக்கு லேட்டா வந்த சித்தப்பாவ கணக்கெழுதற கிராணி ஏன்னு கேட்டப்ப "நேத்து சீக்கிரம் போயிட்டேன்ங்க, அதான் திரும்பி வர நேரமாயிருச்சு"ன்னாரே, அதுவும் இருக்கு. நான் சொன்னதையும் போட்டிருக்க, என்ன கொழம்புன்னு கேட்டா "நேத்தக் கொழம்பு, இன்னைக்கு சூடு"ன்னு. எல்லாத்துக்கும் கீழ அப்பாயி, சித்தப்பா, அம்மா, ஒட்டுக்கடை அண்ணன்னு ஆளப் போட்டிருக்க.

ஒன்னுல மட்டும் ஆளு இல்ல. ராத்திரி பத்து மணிக்கு மேல வந்த புருசன் "பாப்பா தூங்கிட்டாளா"ன்னு கேக்கறான், "தூங்கி எந்திரிச்சு வளந்து ஸ்கூலுக்கே போயிட்டா"ன்னு பதில் வருது. கீழ ஒரு மனைவின்னு மட்டும் இருக்கு. கோயில்ல எல்லாரும் அந்தப் பக்கத்ததான் சத்தமா படிச்சு சிரிச்சாங்க. எனக்கு சிரிப்பு வரல. அந்தக் கொரல் எனக்குத் தெரியும் தம்பி, அது வெளையாட்டுக்கு சொன்ன மாதிரி எனக்குப் படல.

நான் ஒன்னும் கேக்கல. மொத புக்குல மருமக பேரப் போட்டு அவளுக்குன்னு எழுதியிருந்த, அந்தப் பக்கத்த அவ அவங்க அம்மா வீட்டுக்கெல்லாம் காட்டுனா. இதுல அந்தப் பக்கம் வெறுமனே இருக்கு. அச்சுக்காரங்க விட்டுட்டாங்களான்னு மொதல்ல நெனச்சேன், கூட வந்த காப்பி எல்லாத்தையும் பிரிச்சு பாத்துட்டேன். ஞாயித்துக்கிழம தவறாம அவ போன் பண்ணுவா, "அத்த, ரசம் இன்னைக்கும் சொதப்பிருச்சு"ன்னு ஆரம்பிப்பா, இப்ப வர்றதில்ல. வாட்ஸாப்ல மூனு பேரும் இருந்த படம் போயி பாப்பா மட்டும் இருக்கா. பாப்பா அழகாத்தான் இருக்கா, அதுல ஒன்னும் கொறையில்ல.

உனக்கு ஒடம்பு முடியலியா? காசு எதுவும் இறுக்கமா? புக்கு போடறதுக்கு கைக்காச செலவு பண்ணியிருந்தா சொல்லு, அப்பா வேலைல புடிச்சு சேத்த இபிஎப் பணம் இன்னும் கொஞ்சம் இருக்கு, நீ வேண்டாம்னு சொல்லாத. வேல முடிஞ்சா நேரத்தோட வீட்டுக்குப் போ. புக்கு எழுதறது நல்லதுதான், நான் வேண்டாம்னு சொல்லல, ஊரே உன்னப் பாராட்டுது, ஆனா எழுதற நேரத்துல பாதிய அவகூட ஒக்காந்து பேசு. அவ சிரிக்கற மாதிரி பேசறவ, அவகிட்டேருந்துதானே நீ பாதிப் பேச்ச எழுதி எடுத்திருப்ப. மொதல்ல சாப்பாட்டு மேசையில அந்த போன கவுத்து வை. நேரத்தோட போன்னு எத்தன தடவ சொல்லுவன்னு கோவப்படுவ, பரவாயில்ல, கோவப்படு, போயிட்டு கோவப்படு.

அக்கா தீபாவளிக்கு மொத நாளே வந்துருவா. அப்பாவுக்கு கண்ணு ஆபரேசனுக்கு ஈப்போ ஆஸ்பத்திரில தேதி குடுத்திருக்காங்க, பெருசா ஒன்னும் இல்லன்னாங்க. முன்வாசல் கொய்யா காச்சுத் தொங்குது. நாட்டுக்கோழி ரெண்டு சொல்லி வச்சிருக்கேன், அந்த ஆளுக்கு இந்த மாசக் கடைசிக்குள்ள எத்தன பேருன்னு சொல்லணும், நீ மூனு பேருன்னு சொல்லு.

தனியா வர்றதா இருந்தாலும் வா, வீடு உன்னுது. ஆனா அவளையும் பாப்பாவையும் கூட்டிட்டு வந்தா, ரெண்டு பேரும் பேச முடியாதத நான் நடுவுல ஒக்காந்து கேப்பேன், யாரு பக்கமும் பேச மாட்டேன். அவ எம் மருமக, உன்னக் கட்டுனதாலதான் மருமகன்னாலும் இப்ப அவ எனக்கு தனியாவும் ஒரு ஆளு. அவளுக்கு போன் பண்ணலாமான்னு உங்கிட்ட கேட்டுட்டு பண்ணலாம்னு இத்தன நாளா இருந்தேன். இனிமே கேக்கல. வர்ற சனிக்கிழம காலைல பண்ணப் போறேன், பக்கத்துல நீ இருந்தா எடுக்காத, அவளே எடுக்கட்டும்.

அம்மா