ஸைஃபை சேனலுக்கு ஒரு திறந்த மடல்: உங்க மான்ஸ்டரை நீங்களே கிண்டல் பண்ணாதீங்க

அமெரிக்காவோட ஸைஃபை சேனல்ல டிவி படங்களுக்குப் பொறுப்பா இருக்குறவங்களுக்கு வணக்கம்.

பட்ஜெட்டை ஏத்துங்கன்னு கேக்க இந்த மடல எழுதல. ரப்பர் சூட்ல மடிப்பு தெரியுறதோ, சிஜி (கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ்) முதலை நீந்துறப்போ தண்ணி கலங்காம இருக்குறதோ எனக்கு ஒரு பிரச்சனையே இல்ல, டிவிக்காக அவசரமா எடுக்குற படத்துல அதெல்லாம் இருக்கத்தான் செய்யும். என் வருத்தம் என்னன்னா, இப்பல்லாம் படத்துல இருக்குற ஆளுங்களே அந்த மிருகத்த நம்ப மாட்டேங்குறாங்க. எதிர்ல அது வாய பொளந்துட்டு நிக்குது, இவங்க பஞ்ச் டயலாக் பேசிட்டு இருக்காங்க. அவங்களே பயப்படலன்னா நாங்க எதுக்குங்க பயப்படணும்?

1972 நவம்பர் 21ல அமெரிக்காவுல சிபிஎஸ் டிவில 'கார்காயில்ஸ்'னு ஒரு படம் வந்துச்சு. நியூ மெக்ஸிகோ பாலைவனத்துல, சின்ன காசுல எடுத்தது. ஒரு ஆராய்ச்சியாளரும் அவர் பொண்ணும் ஒரு வயசான ஆளோட ஷெட்டுக்குப் போறாங்க, அங்க றெக்க வச்ச ஒரு எலும்புக்கூடு இருக்கு, ராத்திரி ஏதோ ஒண்ணு வந்து அந்த ஷெட்டையே அடிச்சு பிரிக்குது, அப்பாவும் பொண்ணும் தப்பிச்சு கார்ல போறப்போ அது கூரை மேலயே வந்து உக்காருது. அந்த சீன்ல யாருமே சிரிக்கல. அந்த ஆராய்ச்சியாளரா வர்ற கார்னல் வைல்ட் ஆஸ்கர் நாமினேஷன் வரைக்கும் போன நடிகர், அவரு இது வெறும் டிவி படம்தானேன்னு அசால்ட்டா நடிக்கல. மிருகங்களோட தலைவனா வர்ற பெர்னி கேஸி, முன்னாடி அமெரிக்கன் ஃபுட்பால் ப்ளேயரா இருந்தவர், அவ்ளோ மேக்கப்புக்கு உள்ள இருந்தும் ஒரு ராஜா மாதிரி நிக்குறாரு. அந்த மேக்கப்புக்கு டிவிக்கான எம்மி விருது கிடைச்சுச்சு, அத வாங்குன மூணு பேர்ல ஒருத்தர் ஸ்டான் வின்ஸ்டன். பின்னாடி ஜுராஸிக் பார்க்குக்கு டைனோசர் செஞ்சு ஆஸ்கர் வாங்குனாரே, அவரேதான். அந்த மாதிரி ஒரு கைக்கு ஆரம்பத்துலயே வேலை குடுத்தது ஒரு டிவி மான்ஸ்டர் படம்ங்குறத தயவு செஞ்சு மறந்துடாதீங்க.

நீங்களும் இத செஞ்சவங்கதான். 2005ல 'மான்ஸ்கிட்டோ' போட்டீங்க, மனுஷன் கொசுவா மாறுற கதை, கேட்டா சிரிப்பு வரும், ஆனா ஒரு ஆளுக்கு சூட் மாட்டி நெஜமாவே நடக்க விட்டீங்க, போலீஸ்காரரா வர்ற ஹீரோவும் அத ஒரு கொலை கேஸ் மாதிரிதான் துரத்துறாரு. எனக்கு இன்னிக்கும் புடிச்ச படம் அது.

2010ல ரோஜர் கார்மன் உங்களுக்காக 'ஷார்க்டோபஸ்' தயாரிச்சார், பாதி சுறா பாதி ஆக்டோபஸா ஒரு மிருகம் வர்ற படம். அந்த தலைப்பு உங்க பக்கத்துல இருந்து வந்ததுன்னும், பைத்தியக்காரத்தனம் ஒரு அளவ தாண்டுனா ஆடியன்ஸ் நம்மள விட்டுப் போயிடுவாங்கன்னு முதல்ல தயங்குனதாவும் அவரே பின்னாடி சொல்லியிருக்கார். கம்மி காசுல படம் எடுக்குறதுல அவர விட அனுபவசாலி யாருங்க இருந்தாங்க, அந்த தயக்கத்த நீங்க இன்னும் கொஞ்சம் காது குடுத்து கேட்டிருக்கலாம்.

அப்புறம் 2013 ஜூலை 11, 'ஷார்க்நேடோ', சூறாவளி சுறாக்கள தூக்கிட்டு வர்ற படம். முதல் பார்ட் எனக்கு புடிச்சுதுங்க, அதுல பொய் சொல்ல ஒண்ணுமில்ல. இயன் ஸீரிங் செயின்சா எடுத்துட்டு சுறா வாய்க்குள்ள பாயுறப்போ மூஞ்சில ஒரு துளி நக்கல் கிடையாது, அதான் ஒர்க் அவுட் ஆச்சு. ஆனா ட்விட்டர்ல பறந்த பேச்ச பாத்துட்டு நீங்க எடுத்துக்கிட்ட பாடம் வேற. ரெண்டாவதுல இருந்து 'இது சும்மா ஜோக்'னு ஆடியன்ஸ பாத்து கண்ணடிக்க ஆரம்பிச்சீங்க, யாரு கெஸ்ட் ரோல்ல வர்றாங்கன்னு எண்ணுறதே வேலையா போச்சு, மூணாவதுல விண்வெளிக்குப் போயாச்சு, 2018ல ஆறாவது பார்ட் டைம் ட்ராவல். அதுக்குள்ள சுறாவுக்கு யாருமே பயப்படல.

கேக்குறது இதுதான். வருஷத்துக்கு ஒரே ஒரு படம் போதும். சிஜிக்கு வச்சிருக்குற காசுல பாதிய மேக்கப், சூட் செய்யுற புதுப் பசங்ககிட்ட குடுங்க. மிருகம் ஒண்ணே ஒண்ணு இருக்கட்டும், இருட்டுல முக்கால்வாசி மறைச்சே காட்டுங்க, காசும் மிச்சம் பயமும் ஜாஸ்தி. ஒரு சின்ன ஊரு, ஒரு பத்து பேரு. ஸ்க்ரிப்ட்ல யாராவது "இது ஏதோ சினிமா மாதிரி இருக்கே"ன்னு பேசுனா அந்த லைன அடிச்சிடுங்க. நடிகர்கள்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, அது நெஜம், அது உங்கள தின்னுடும்னு.

இப்படிக்கு,
மான்ஸ்டர் படங்கள மனசார நம்பி பாக்குற ஒரு ரசிகன்