மிஷலின் கையேட்டாருக்கு: லாகோஸில் உண்ணாமல் லண்டனில் மதிப்பிடுவது எப்படி?

மதிப்பிற்குரியீர்,

ஆப்பிரிக்கச் சுவைகளைப் பிற நாட்டுச் சமையல் முறைகளோடு இணைத்துப் பரிமாறும் உயர்தர உணவகங்களைத் தேடிச் செல்லும் பயணிகளுள் நானும் ஒருவன். அந்தத் தேடலில், சிறந்த உணவகங்களுக்கு நீங்கள் அளிக்கும் நட்சத்திரங்களே பெரும்பாலும் எனக்கு வழிகாட்டி. 2018இல் ஒன்றும் 2022இல் இரண்டாவதுமாக நட்சத்திரம் பெற்ற லண்டன் இக்கோயி, 2021இல் பெற்ற பாரிஸ் மோசுகே, 2024இல் ஒருசேரப் பெற்ற லண்டனின் அக்கோகோ, சிஷுரு ஆகியவற்றை உலகறியச் செய்ததில் உங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் இச்சுவைகள் பிறந்த நைஜீரியாவின் லாகோஸுக்கோ கானாவின் அக்ராவுக்கோ செனகலின் டக்காருக்கோ நீங்கள் இதுவரை ஓர் உணவகக் கையேடு வெளியிட்டதில்லை. மூலத்தை அறியாத ஒருவர் அதன் கலவையை எதனோடு ஒப்பிட்டு மதிப்பிடுகிறார் என்பதே என் கேள்வி.

விளைபொருளின் தரம், சமையல் நுட்பம், சுவைகளின் இசைவு, சமைப்பவரின் ஆளுமை, தரம் மாறாமை என ஐந்து அளவுகோல்களை அறிவித்திருக்கிறீர்கள். நுட்பத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். நைஜீரிய விருந்துகளுக்கென விறகடுப்பில் பெரிய அண்டாக்களில் வேகும், தக்காளியும் மிளகாயும் சேர்ந்த ஜொல்லாஃப் சோற்றில், அடிச்சோறு சற்றே தீய்ந்து அந்தப் புகைவாசம் அண்டா முழுவதும் ஏறியிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். (எங்கள் வீட்டில் அந்த வாசம் வந்தால் சமைத்தவருக்குத்தான் வசவு.) ஒக்போனோ விதையையோ வெண்டைக்காயையோ இட்டு ஆக்கும் குழம்பு, அள்ளும்போது நூலாக இழுபட வேண்டும், நாமோ வெண்டைக்காயின் வழவழப்பைப் போக்கப் புளியையும் தயிரையும் தேடுகிறோம். ஆக, ஓரிடத்தில் பிழையாவது மற்றோரிடத்தில் பக்குவம். லண்டன் மேசைக்கு அந்தப் புகை அளவோடு வரும்போது, அந்த அளவு சமைத்தவர் விரும்பித் தெரிந்தெடுத்ததா, அயலார் நாவுக்கு அஞ்சிக் குறைத்ததா என்பதை அந்த அண்டாச் சோற்றை உண்டறியாத ஒருவரால் கண்டுகொள்ள இயலாது. உங்கள் மதிப்பீட்டாளர் சிலர் தாமாகவே அங்கு சென்று உண்டிருக்கலாம். அப்படியானால் அதை வாசகருக்குச் சொல்வதில் என்ன தடை?

இரு நாட்டு உணவுகளுக்கிடையே உறவு இருந்தால் மட்டும் இந்த அறிவு வந்துவிடுவதில்லை. காராமணியை ஊறவைத்துத் தோல் நீக்கி அரைத்து அவிக்கும் மொய்மொய்யைப் பயணத்தில் உண்டபோது அது எனக்குப் பழகிய பண்டமாகவே பட்டது. காராமணியும் கம்பும் சோளமும் கேழ்வரகும் பண்டு ஆப்பிரிக்காவிலிருந்து நம்மிடம் வந்தவை என்பதால் அதில் வியப்பில்லை. ஆயினும் அது நல்ல மொய்மொய்தானா என்று கேட்டிருந்தால் நான் விழித்திருப்பேன்.

இது எனக்குப் புறத்தியார் வழக்கும் அன்று. நத்தைப் பிரட்டல் பரிமாறும் நியூயார்க்கின் செம்மா உணவகத்துக்கு 2022இல் நட்சத்திரம் தந்தீர்கள். அந்தச் சமையலுக்குத் தாய்வீடான தமிழ்நாட்டுக்கு உங்கள் உணவகக் கையேடு வந்ததில்லை.

புதிய இடங்களில் கையேடு வெளியிட அங்குள்ள சுற்றுலா அமைப்புகளிடம் நிதி பெறுகிறீர்கள் என்பது ஊரறிந்த செய்தி. தாய்லாந்தில் அவ்வாறே நடந்தது. நட்சத்திரம் விலைக்குக் கிடைக்கிறது என்று நான் குற்றஞ்சாட்டவில்லை. எந்த ஊர் உங்கள் வரைபடத்தில் இடம்பெறும் என்பதில் அந்தப் பணத்துக்குப் பங்கிருக்கிறது என்றே சொல்கிறேன். செனகலின் மீன்சோறான செபு ஜென் 2021இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்ந்தது. டக்காரில் அதை எங்கே உண்பது என்பதற்கு உங்களிடம் விடையில்லை.

எனவே, லாகோஸிலும் டக்காரிலும் உங்கள் சொந்தச் செலவில் தொடங்குங்கள். அது உடனே இயலாதெனில், இவ்வுணவை உண்டு வளர்ந்தவர்களை லண்டன், பாரிஸ் மதிப்பீட்டுக் குழுக்களில் சேர்த்து, சேர்த்ததை அறிவியுங்கள். பெயர்களை வெளியிட வேண்டியதில்லை. மதிப்பீட்டாளர் யாரென்று வெளிக்காட்டாத உங்கள் மறைவு மரபை நான் மதிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கையேட்டை நம்பிப் பயணிக்கும் வாசகன்