மழைக்கு முன் இன்னும் 19 லென்ஸ் வேண்டும்

அன்புள்ள பெற்றோர்களே, நண்பர்களே,

நேராக விஷயத்துக்கு வருகிறோம். பிள்ளைகளைக் காட்டுக்குக் கூட்டிப்போய்க் காளான் காட்டும் நடைக்கு இந்த முறை 120 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் தேவையான பணத்தில் 100-க்கு 58 பங்குதான் கையில் இருக்கிறது. மழை நமக்காகக் காத்திருக்காது. நல்ல மழை பெய்து சில நாளில் காளான் தலைகாட்டும், பல வகைகள் ஓரிரு நாளில் கரைந்தும் போய்விடும். அதற்கப்புறம் வரும் பணம் இந்த வருடப் பிள்ளைகளுக்கு உதவாது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு பழைய கதை. நம் மூத்தவர்கள் பொட்டல் மண்ணில் மரக்கன்று நட்டபோது, தண்ணீர் ஊற்றியும் எரு போட்டும் முதல் வருடக் கன்றுகளில் பாதிக்கு மேல் பட்டுப்போயின. அப்புறம் ஒரு பெரியவர் பழைய காட்டு மரத்தடியிலிருந்து மண் அள்ளிவந்து குழிக்கு ஒரு கைப்பிடி போட்டார். அந்தக் கன்றுகளின் நிழலில்தான் இன்று நம் கூட்டம் நடக்கிறது. அந்த மண்ணோடு வந்தது பூஞ்சை இழை, காளானும் பூஞ்சை வகைதான். வேரைச் சுற்றிப் பின்னிக்கொண்டு, வேர் எட்டாத இடத்திலிருந்து தண்ணீரும் பாஸ்பரஸும் கொண்டுவந்து கொடுக்கும், மரம் இலையில் செய்த சர்க்கரையைப் பதிலுக்கு வாங்கிக்கொள்ளும். 1885-ல் ஆல்பர்ட் பிராங்க் என்ற ஜெர்மன் விஞ்ஞானி இந்தக் கூட்டுக்கு மைக்கோரைசா என்று பெயர் வைத்தார். நம் பெரியவர்களுக்கு அந்தப் பெயர் தெரியாது, கை அனுபவம் இருந்தது.

நம் பிள்ளைகளுக்கோ நாம் சொல்லிக்கொடுத்தது "நாய்க்குடை, கிட்டப் போகாதே" என்பது மட்டும்தான். அதனால் கண்டதும் காலால் உதைக்கிறார்கள். போன வருட நடையில் ஒரு சிறுமி உளுத்த கட்டையைப் புரட்டினாள், அடியில் வெள்ளை நூலாய்ப் படர்ந்திருந்தது. லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, "இதுதான் கட்டையைத் தின்னுதா?" என்றாள். ஆமாம், மரத்துக்கு உறுதி தரும் லிக்னினைச் சிதைத்துக் கட்டையை உளுக்க வைப்பது பெரும்பாலும் இப்படிக் கட்டையில் படரும் பூஞ்சைகள்தான். காளான் குடையைக் காகிதத்தில் கவிழ்த்து இரவு முழுக்க மூடி வைத்து, காலையில் அதிலிருந்து உதிர்ந்த வித்துத்தூள் கோடு கோடாய்ப் படிந்திருந்ததைக் காட்டியபோது கூட்டத்தில் சத்தமே இல்லை.

இப்போது கணக்கு. நாலு பேருக்கு ஒரு லென்ஸ் என்றால் 30 வேண்டும், இருப்பது 11. குறிப்பேடு 120-ல் 70 தயார். மூன்று வண்டியில் ஒன்றுக்குத்தான் பணம் கட்டியிருக்கிறோம். காளானை நன்றாகத் தெரிந்த வழிகாட்டி ஒருவர் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் எதையும் வாயில் வைக்கக் கூடாது, முடிந்ததும் கை கழுவ வேண்டும் என்பதில் நாங்கள் துளியும் விட்டுக்கொடுப்பதில்லை.

போன முறை கொடுத்தவர்களை மறக்கவில்லை. கேட்காமலே லென்ஸ் வாங்கி வந்தவர், வண்டியோட்டிவிட்டு வாடகை வேண்டாம் என்றவர், உண்டியலை அப்படியே கவிழ்த்த மூன்று பிள்ளைகள், இரவெல்லாம் உட்கார்ந்து குறிப்பேடு தைத்த அம்மாக்கள், எல்லோருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. கடவுள் உங்கள் வீட்டில் குறை வைக்க மாட்டார்.

கூட்டத்தில் கை தூக்கி "தருகிறேன்" என்ற 9 பேரிடமிருந்து இன்னும் வரவில்லை. பெயர் சொல்ல மாட்டோம், ஆனால் உங்கள் பிள்ளைகளும் பெயர் கொடுத்திருக்கிறார்கள். 42 பங்கு குறை உங்களால் மட்டும் தீராது, ஆனாலும் நீங்கள் தொடங்கினால் மற்றவர்களிடம் கேட்க எங்களுக்கு வாய் வரும். தொகை சிறிதென்று தயங்க வேண்டாம், பழைய லென்ஸ் இருந்தாலும் கொடுங்கள். வரும் ஞாயிறு மாலைக்குள் பொருளாளர் கையில் சேர்த்துவிடுங்கள், திங்கள் காலை மீதி வண்டிகளுக்குப் பணம் கட்டியாக வேண்டும்.

— குழுவினர்