கணினியின் சூட்டைக் காதால் அறிய வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடைக்காலத்தில் கணினியைப் பாதுகாப்பது பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை இணையப் பதிப்பில், திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக் காட்டும் மென்பொருளான திரைவாசிப்பானின் துணையோடு படித்தேன். வெப்பநிலை காட்டும் செயலி ஒன்றை நிறுவிக்கொள்ளும்படியும், எண் பச்சையாக இருக்கும்வரை கவலை வேண்டாம், சிவப்பானால் கணினிக்குள் இருக்கும் விசிறியின் வேகத்தைக் கூட்டிவிடுங்கள் என்றும் அதில் கூறப்பட்டிருந்தது. பயனுள்ள அறிவுரைதான். ஆனால் பிறவியிலிருந்தே பார்வையில்லாத என்னைப் போன்றவர்களால் அந்த நிறங்களை அறிய முடியாது என்பதோடு, நான் இதுவரை நிறுவிப் பார்த்த அத்தகைய செயலிகளில் பெரும்பாலானவை திரைவாசிப்பானுக்குப் பிடிகொடுக்கவே இல்லை என்பதையும் தங்கள் வாசகர்கள் அறிய வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

தண்டையார்பேட்டையில், மொட்டைமாடியில் சிமென்ட் ஷீட் போட்ட ஓர் அறையில் அமர்ந்து, பிறர் அனுப்பும் ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுப்பது என் தொழில். பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்னும் இலவசத் திரைவாசிப்பான்தான் எனக்குக் கண். அது தமிழையும் வாசிக்கும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் வரிசை என்று இருக்கும் எங்கள் பகுதியில், காலையில் துடைத்த மேசை மாலைக்குள் விரலுக்கு நறநறவென்று தட்டுப்படும். அதே தூசி, விசிறிக்கும் அதன் வாயிலில் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும் மெல்லிய உலோகத் தகடுகளுக்கும் இடையே படிந்து, கடற்காற்றின் உப்பு ஈரத்தில் இறுகி, அட்டைபோல் அடைத்துக்கொள்கிறது. சென்ற முறை பழுதுபார்ப்பவர் கழற்றி எடுத்து என் உள்ளங்கையில் வைத்த அடைப்பு, துவைத்துக் காயவைத்த கம்பளித் துண்டைப் போல ஒரே பாளமாக இருந்தது. கணினி அறைவெப்பத்தை விடக் குளிர முடியாது. 2003 மே மாதத்தில் 45 டிகிரி செல்சியஸைத் தொட்ட ஊர் இது. ஷீட்டுக்கு அடியில் நண்பகலில் எப்படி இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கணினியின் மூளையான பிராசசர் சில்லு 100 டிகிரியை நெருங்கும்போது தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. பார்வையுள்ளவருக்கு அது கணினி சற்று மந்தமாகிவிட்டது என்ற அளவில் முடிந்துவிடும். எனக்கோ திரையே தடுமாறுகிறது: ‘க’ என்று அழுத்தினால் ஒரு நொடி கழித்துத்தான் ‘க’ என்ற ஒலி வருகிறது, அதற்குள் விரல் நான்கு எழுத்துகளைக் கடந்திருக்கும், எந்த எழுத்தில் தவறினேன் என்று தெரியாமல் சொல்லை முழுவதும் அழித்து மீண்டும் அடிக்க வேண்டியிருக்கிறது. விசிறி முழு வேகத்தில் இரையத் தொடங்கினால் திரைவாசிப்பானின் குரலும் அதில் அமுங்கிப் போகிறது. ஹெட்போனை மாட்டிக்கொண்டால் குரல் கேட்கும். ஆனால் விசிறி ஓடுகிறதா நின்றுவிட்டதா என்பது தெரியாது. ஆகவே பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கணினியின் இடப்புற வாயிலில் கையை வைத்துப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

நான் வாங்கிய மடிக்கணினியில் விசிறியைக் கட்டுப்படுத்தத் தயாரிப்பு நிறுவனமே ஒரு செயலியைத் தந்திருந்தது. அதைத் திறந்து டேப் விசையை அழுத்தினால் என்.வி.டி.ஏ. “பொத்தான், பொத்தான், பொத்தான்” என்று மட்டுமே சொல்லும். எது அமைதி நிலை, எது முழு வேகம் என்பதற்குப் பெயர் எழுதப்படவில்லை. வெப்பத்துக்கு ஏற்ப வேகத்தை வகுக்கும் வளைகோட்டை மவுஸால் இழுத்துத்தான் மாற்ற முடியும். கடந்த மே மாதம், பெயரில்லாத பொத்தான்களில் ஒன்றை அழுத்தியதும் இரைச்சல் அடங்கியதால் வேலை முடிந்தது என்று மகிழ்ந்தேன். இரண்டு மணி நேரக் கருத்தரங்கப் பதிவைப் பாதிவரை அடித்திருந்தபோது கணினி எந்த முன்னறிவிப்பும் இன்றி அணைந்தது. நான் அழுத்தியது விசிறியை மிகவும் அடக்கி வைக்கும் அமைதி நிலை என்பது, மறுநாள் பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவர் பார்த்துச் சொன்ன பிறகே தெரிந்தது. உதவி மையத்தை அழைத்தபோது, “வீட்டில் பார்வையுள்ளவர் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்” என்றார்கள். பயாஸ் அமைப்புக்குள் சென்று மாற்றலாம் என்று சிலர் கூறுவதுண்டு. விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே திறக்கும் அந்தத் திரையில் என்.வி.டி.ஏ. பேசாது.

வழியே இல்லை என்று நான் கூறவில்லை. எங்கே வெப்பநிலை வெறும் எழுத்தாக வருகிறதோ, அங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தில் எல்.எம். சென்சார்ஸ் என்ற கருவியை நிறுவி ஒரே ஒரு கட்டளையை அடித்தால், பிராசசரின் ஒவ்வொரு கோரின் வெப்பநிலையும் அதன் உச்ச வரம்பும் வரிவரியாக வருகின்றன. ஆர்கா திரைவாசிப்பான் அவற்றைத் தெளிவாக வாசிக்கிறது. அதனுடன் வரும் ஃபேன்கன்ட்ரோல் நிரலுக்கு அமைப்புக் கோப்பே ஒரு சாதாரண எழுத்துக் கோப்புதான். எத்தனை டிகிரியில் விசிறி வேகமெடுக்கத் தொடங்க வேண்டும், எத்தனை டிகிரியில் முழு வேகத்தை எட்ட வேண்டும் என்பதை அதில் எண்ணாக எழுதிவிடலாம். மேசைக் கணினிகளில் இது பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்கிறது. மடிக்கணினிகள் பலவற்றில் விசிறியின் பிடி தயாரிப்பாளரின் உள் சில்லிடம் இருப்பதால் பலிப்பதில்லை.

விண்டோஸின் பணி மேலாளரில் தனி வரைகலை அட்டையின் வெப்பநிலை மட்டுமே தெரியும், பிராசசரின் சூடு தெரியாது. அதற்கு நான் பயன்படுத்துவது லிப்ரே ஹார்ட்வேர் மானிட்டர் என்ற இலவச மென்பொருள். அளவீடுகளை உலாவியில் ஒரு வலைப்பக்கமாகத் திறந்து காட்டும் வசதி அதில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை மற்ற எந்த வலைப்பக்கத்தையும் போலவே அம்புக்குறி விசைகளால் வாசிக்க முடிகிறது. விண்டோஸின் மின்திட்ட (பவர் பிளான்) அமைப்பில் பிராசசரின் உச்ச நிலையை 100 விழுக்காட்டிலிருந்து 99 ஆக்கினால், அது டர்போ என்னும் கூடுதல் வேகத்துக்குத் தாவாமல் இருப்பதால் சூடு கணிசமாகக் குறைகிறது. தட்டச்சு வேலைக்கு அந்த வேகம் தேவையும் இல்லை. விசிறியைத் தொட முடியாத என் கணினியை இந்தக் கோடையில் காப்பாற்றி வருவது இந்த ஒரு மாற்றம்தான். என் நிலையில் இருப்பவர்கள் உடனே செய்துபார்க்கலாம்.

ஆயினும் இவையெல்லாம் நாங்களே தேடித் துழாவிக் கண்டுபிடித்த சந்துகள். அன்றாடப் பயன்பாட்டுக்கான மின்னணுப் பொருள்கள் அனைவருக்கும் ஏற்ற வடிவமைப்பில் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 42-ஆம் பிரிவு கூறுகிறது. மென்பொருள்களும் சாதனங்களும் எவ்வாறு அமைய வேண்டும் என்பதற்கு ஐ.எஸ். 17802 என்ற இந்தியத் தரநிலை 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளிவந்துவிட்டது. பொத்தானுக்குப் பெயர் எழுதுவது நிரலாளருக்கு ஒரு வரி வேலை. வளைகோட்டுக்குப் பக்கத்திலேயே எண்ணைத் தட்டச்சு செய்யும் ஒரு கட்டத்தை வைப்பது அதைவிடச் சற்றே கூடுதலான வேலை, அவ்வளவுதான்.

2011-இல் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி, லட்சக்கணக்கில் கணினிகளை வாங்கி மாணவர்களுக்கு வழங்கிய மாநிலம் நம்முடையது. அவ்வளவு பெரிய வாடிக்கையாளர் ஒரு நிபந்தனை விதித்தால் தயாரிப்பாளர்கள் அதைத் தட்டிவிட முடியாது. ஆகவே, அரசு இனி மடிக்கணினி வாங்கக் கோரும் ஒவ்வோர் ஒப்பந்தப்புள்ளியிலும் ஒரு சோதனையைச் சேர்க்குமாறு தங்கள் நாளிதழின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். மாதிரிக் கணினியின் திரையை அணைத்துவிட்டு, பார்வையற்ற ஒருவரை அதன்முன் அமரச் செய்யட்டும். அவர் விசைப்பலகையை மட்டும் கொண்டு இப்போதைய வெப்பநிலை எத்தனை என்று சொல்லி, விசிறியின் வேகத்தைக் கூட்டிக் காட்டிய பிறகு அந்தக் கணினியை ஏற்கட்டும்.

இப்படிக்கு,
பார்வையற்ற வாசகர் ஒருவர்,
தண்டையார்பேட்டை, சென்னை - 81.