முன்னால் வந்தவர் கெடுத்துவிட்டுப் போன தரை: புதிதாகப் பிரஷர் வாஷர் (தண்ணீரை அழுத்தத்தில் பீய்ச்சிக் கழுவும் மெஷின்) வாங்கியிருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். வாசல்படியில் கடப்பா கல் வெளுத்துக் கிடக்கிறது. கார் நிறுத்தும் இடத்தில் பேவர் பிளாக் முழுக்க வரிவரியாகக் கோடு. திண்ணை கிரானைட் மஞ்சள் பூத்திருக்கிறது. "போன மாசம் ஒருத்தர் ஆசிட் வாஷ் பண்ணிட்டுப் போனார், நீங்க கொஞ்சம் அழுத்திப் பிடிச்சு அடிச்சா சரியாயிடும்" என்று வீட்டுக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அவர் சொன்னதை நம்பி ட்ரிகரில் கை வைத்துவிடாதே. அழுக்கு தரைமேல் வந்து உட்கார்ந்த பொருள், அதைத் தண்ணீர் எடுத்துவிடும். நீ அனுப்பிய படங்களில் பாதி, தரையிலிருந்து போய்விட்ட பொருள். அதை எந்த மெஷினும் திரும்பக் கொண்டுவராது. எது வந்தது, எது போனது என்று பிரித்துப் பார்ப்பதுதான் முதல் நாள் வேலை.

முதலில் ஆசிட் மிச்சம் இருக்கிறதா என்று பார். முன்னால் வந்தவர் சரியாக அலசாமல் போயிருக்கலாம். அதைவிட, வீட்டு வேலைக்காரம்மா வாராவாரம் அதே ஆசிட்டை ஊற்றித் தேய்த்துக்கொண்டிருக்கலாம். படிக்கட்டுக்கு அடியில் பாட்டில் இருக்கிறதா என்று கேட்டுப் பார். தரையில் நல்ல தண்ணீர் கொஞ்சம் ஊற்றி, ஐந்து நிமிடம் விட்டு, பி.எச். தாளை (ஆசிட் இருக்கிறதா என்று நிறம் மாறிக் காட்டும் தாள்) அழுத்து. அந்த வீட்டுக் குழாய்த் தண்ணீரிலும் ஒரு தாளை நனைத்துப் பக்கத்தில் வைத்துப் பார். தரையில் 6-க்குக் கீழே காட்டினால் லிட்டருக்கு 50 கிராம் ஆப்பசோடா கரைத்து ஊற்றி, நுரைப்பது நின்றதும் அலசி, மறுபடி தாள் வை. இதைச் செய்யாமல் பாசிக்கென்று பிளீச்சிங் பவுடரோ ஹைப்போவோ (சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம்) ஊற்றினால், மிச்ச ஆசிட்டோடு சேர்ந்து குளோரின் வாயு கிளம்பும். மூடின கார்ஷெட்டில் அது ஆளை மூச்சுத்திணற வைத்துச் சாய்த்துவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே தாள் இல்லாமல் எந்த வீட்டுக்கும் போகாதே.

ஆசிட் போன பிறகும் அதன் உப்பு தங்கும். சிமெண்டில் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் பட்டால் கால்சியம் குளோரைடு உண்டாகிறது. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். வெயில் காலத்திலும் டைல்ஸ் இணைப்பு ஓரமாகக் கறுப்பாக, ஈரமாகவே கிடக்கும் திட்டுகள் பல இடங்களில் இதனால்தான். குறைந்த அழுத்தத்தில் நிறையத் தண்ணீர் விட்டு, இடையில் காயவிட்டு, இரண்டு மூன்று தரம் அலசினால் குறையும். அங்கே அழுத்தத்தைக் கூட்டினால் இணைப்பில் மிச்சமிருக்கும் சிமெண்டும் கிளம்பி வந்துவிடும்.

இனி அந்தக் கடப்பா படி. கடப்பா, கோட்டா, மார்பிள் மூன்றுக்கும் உடம்பு கால்சியம் கார்பனேட்தான். ஆசிட் ஊற்றியதும் பொங்கும் நுரையைப் பார்த்து "அழுக்கு வருது" என்று நினைப்பார்கள். வருவது கல். பாலிஷ் போய் மேற்பரப்பு நுண்ணிய குழிகளாகிவிடுவதால் கறுப்புக் கல் வெளுத்துத் தெரிகிறது. ஆனால் வெள்ளையெல்லாம் ஆசிட் சூடு என்றும் முடிவு கட்டிவிடாதே. போர் தண்ணீரின் உப்புப் படிவும் வெள்ளையாகத்தான் இருக்கும். பிளேடைச் சாய்த்துப் பிடித்து, ஓரத்தில் மெல்லச் சுரண்டு. பொடி வந்தால் உப்பு. எதுவும் வராமல், விரலுக்குச் சொரசொரப்பாக, படியின் மூக்குக்கு (முன்னால் நீட்டியிருக்கும் விளிம்பு) அடியில் ஆசிட் படாத பகுதி மட்டும் வழுவழுப்பாக இருந்தால் கல் எரிந்துவிட்டது. எலுமிச்சையோ வினிகரோ விட்டுச் சோதிக்காதே, அதுவும் ஆசிட்தான், புதிதாக ஒரு வட்டம் விழும்.

எரிந்த கடப்பாவுக்கு ஒரே வழி மறு பாலிஷ். டைமண்ட் பேடில் (வைரத் துகள் பதித்த தேய்ப்பு வட்டு, எண் ஏற ஏற நயமாகும்) 200, 400, 800, 1500, 3000 என்று வரிசையாக, தண்ணீர் விட்டு, ஒன்றையும் தாண்டாமல் ஏற வேண்டும். ஆழமாக எரிந்திருந்தால் 100-இலிருந்து தொடங்க வேண்டிவரும். இது பாலிஷ்காரர் வேலை. அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டு. மண்ணெண்ணெயோ தேங்காயெண்ணெயோ தடவிக் கறுப்பாக்கிக் காசு வாங்கும் பழக்கம் நம் தொழிலில் உண்டு. நீ அதைச் செய்யவே கூடாது. பத்து நாளில் தூசி அப்பிக்கொள்ளும், அதற்குள் வயசானவர் யாராவது படியில் வழுக்கி விழுவார்.

கிரானைட்டின் மஞ்சளுக்குக் காரணம் வேறு. கல்லுக்குள் இருக்கும் இரும்புள்ள தாதுக்கள் ஆசிட்டில் கரைந்து, காயும்போது துருவாக மேலே வருகின்றன. லிட்டருக்கு 50 கிராம் ஆக்சாலிக் ஆசிட் கரைத்து, கல்லை முதலில் தண்ணீரால் நனைத்து, கண்ணில் படாத ஒரு மூலையில் ஓரடிக்கு ஓரடி மட்டும் தடவு. 10 முதல் 15 நிமிடம், காயவிடாமல். பிறகு அலசி, ஆப்பசோடாத் தண்ணீர் விட்டு, மறுபடி அலசு. ஒரு வாரம் காய்ந்த பிறகு நிறத்தைப் பார். ஈரத்தில் எல்லாக் கல்லும் அழகாகத்தான் தெரியும். இரண்டாம் தடவையும் அசையவில்லை என்றால் துரு ஆழத்தில் இருக்கிறது, நிறுத்திவிடு. ஆக்சாலிக் விஷம்: கையுறை, கண்ணாடி கட்டாயம். பக்கத்துக் கடப்பா படியை பிளாஸ்டிக் ஷீட் போட்டு டேப் ஒட்டி மூடாமல் ஆரம்பிக்காதே, அதையும் இது தின்னும்.

பேவர் பிளாக்கில்தான் உன் பெரும்பகுதி வேலை. படத்தில் தெரிகிற அந்தக் கோடுகள், சிவப்பு நாசிலையோ (மெஷின் குழாயின் முனை) டர்போ நாசிலையோ தரைக்கு இரண்டு அங்குலத்தில் பிடித்து இழுத்த கோடுகள். சிவப்பு என்றால் 0 டிகிரி, தண்ணீர் ஊசியாக வரும். டர்போவும் அதே ஊசியைச் சுழற்றுவதுதான். ஆனால் கோட்டில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, கோட்டில் மட்டும் சுத்தமாகி இடையில் அழுக்கு நிற்பது. இன்னொன்று, கோட்டில் கல்லே அரிந்துபோயிருப்பது. படத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இருட்டிய பிறகு போய், டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடி. அரிந்திருந்தால் ஒவ்வொரு கோட்டுக்கும் நிழல் விழும். கோட்டுக்குக் குறுக்காக நகத்தை இழு: பள்ளத்தில் தட்டும், மணல் மாதிரி நெருடும், சின்ன ஜல்லி முனைகள் தலைநீட்டும். நிழலும் இல்லை, நகமும் தட்டவில்லை என்றால் மகிழ்ச்சி, அது அழுக்குதான்.

அழுக்குக் கோடு என்றால் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, சர்ஃபேஸ் கிளீனரை (மூடிக்குள் நாசில்கள் சுழலும் வட்டக் கருவி) 100 பார் அழுத்தத்தில் ஓட்டு. ஒவ்வொரு ஓட்டமும் முந்தைய ஓட்டத்தின் மூன்றில் ஒரு பங்கின் மேல் ஏற வேண்டும். முடித்ததும் குறுக்குவாட்டில் ஒரு தரம். கிளீனர் இல்லையென்றால் பச்சை நாசில், 25 டிகிரி, தரையிலிருந்து ஓரடி, கை ஒரே வேகம்.

அரிந்த கோட்டை அடித்துச் சமப்படுத்தப் பார்க்காதே. ரப்பர் மோல்டில் வார்த்த பளபளப்புக் கல்லில் நிறமும் மினுக்கமும் மேல்தோலில் மட்டுமே, சில மில்லிமீட்டர்தான். சுற்றியுள்ளதையும் அரித்தால் மொத்தத் தரையும் சாம்பலாகிவிடும். நல்ல வழி கல் மாற்றுவது. புதுக் கல் வாங்கினால் நிறம் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். அதனால் வீட்டுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டி ஓரத்தில், யாரும் பார்க்காத இடத்தில் இருக்கும் அதே வயசுக் கல்லைப் பெயர்த்து முன்னால் போட்டு, அரிந்ததைப் பின்னால் போடு. இரண்டு தட்டையான ஸ்குரூடிரைவர் இருந்தால் முதல் கல் வந்துவிடும், மற்றவை தானாக வரும்.

கல் எப்படி இருந்தாலும், இடுக்கு மணல் போயிருக்கும். ஒவ்வொரு கல்லாக மிதித்துப் பார். ஆடினால் அடிமணலும் ஓடிவிட்டது. அதைத் தூக்கி, மணல் சமன்செய்து, மறுபடி வைக்க வேண்டும். ஆடாததற்கு இடுக்கு நிரப்பினால் போதும். 200-க்கு 100 மி.மீ. கல், 60 மி.மீ. கனம், 3 மி.மீ. இடுக்கு, முழு ஆழமும் காலி என்று வைத்துக்கொண்டால் 100 சதுர அடிக்கு ஏறக்குறைய 40 கிலோ மணல் பிடிக்கும். மேலே 2 செ.மீ. மட்டும் காலி என்றால் அதில் மூன்றில் ஒன்று. மணல் பொடியாக, முற்றிலும் காய்ந்ததாக இருக்க வேண்டும். ஈர மணல் மேலேயே பாலம் கட்டி நின்றுவிடும், உள்ளே இறங்காது. துடைப்பத்தால் தள்ளி, அடியில் ரப்பர் போட்ட பிளேட் காம்பாக்டரை (அதிர்ந்து அமுக்கும் தட்டு மெஷின்) ஓட்டி, இறங்கிய இடத்தில் மறுபடி தள்ளு. ஒரு வாரம் கழித்து இன்னொரு தரம். மேஸ்திரி யாராவது "சிமெண்டு கலந்து தூவிடுங்க" என்பார். தூவினால் கல்மேல் வெள்ளைப் படலம் பிடித்து, இடுக்கில் பாளம் பாளமாக வெடிக்கும். அடுத்து வருகிறவர் அதற்கு ஆசிட் ஊற்றுவார்.

மொட்டை மாடியையும் கேட்டிருந்தாய். தட்டு ஓடு பதித்த மாடியில் இணைப்புக் கலவையைச் சாவியால் கீறிப் பார். உதிர்ந்தால் அன்று மெஷின் கிடையாது. அந்த வழியாக நீ செலுத்தும் தண்ணீர் அடியிலுள்ள செங்கல் ஜல்லியில் தேங்கி, ஒரு வாரம் கழித்துப் படுக்கையறைச் சீலிங்கில் வரும், பழி உன்மேல் விழும். 10 மி.மீ. ஆழம் கீறியெடுத்து, நனைத்து, 1 பங்கு சிமெண்டுக்கு 3 பங்கு சலித்த மணல், வாட்டர்புரூஃப் சேர்த்த கலவை வைத்து அடைத்து, ஏழு நாள் தண்ணீர் காட்டிய பிறகு கழுவு. அதற்கு முன் கீழே போய், சீலிங்கில் இருக்கும் ஈரத் திட்டைச் சுற்றி பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதி, வீட்டுக்காரர் முன்னாலேயே படம் எடு.

எஸ்டிமேட்டை மூன்றாகப் பிரித்து எழுது: கழுவுவதற்கு இவ்வளவு, பழுதுபார்க்க இவ்வளவு, சரியாகாதவை இவை. மூன்றாவது பட்டியலை வாட்ஸ்அப்பில் படத்தோடு அனுப்பி, அவர் "சரி" என்று பதில் போட்ட பிறகு தேதி கொடு. முன்னால் வந்தவரை ஒரு வார்த்தை குறை சொல்லாதே. அவர் ஊற்றியதை நீ பார்க்கவில்லை. வீடு கட்டின கொத்தனாரே சிமெண்டுக் கறைக்கு ஊற்றியிருக்கலாம். கல் இப்போது எப்படி இருக்கிறது என்பதை மட்டும் சொல். "எவ்வளவு வேணா தர்றேன், படியை அடிச்சுப் பாருங்க" என்று வற்புறுத்தினால் படியை விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொள்.

நாளைக்குப் போகும்போது மெஷினை வண்டியில் ஏற்றாதே. பி.எச். தாள், டார்ச், பிளேடு, பென்சில், ஒரு பாட்டில் தண்ணீர் போதும். ஒவ்வொரு இடத்தையும் ஈரமாக ஒரு படம், காய்ந்தபின் ஒரு படம் எடுத்து அனுப்பு. கடப்பா படியின் மூக்குக்கு அடிப்பக்கத்தையும் மறக்காமல் எடு.

அன்புடன்,
அண்ணன்