தைராய்டு அறிக்கையின் நட்சத்திரக் குறி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவ ஆய்வகம் ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகளாக நுட்புநராகப் பணியாற்றி வருகிறேன். இரத்தம் எடுப்பதும், முடிவுகளைச் சரிபார்த்து அறிக்கையாகக் கொடுப்பதும் என் அன்றாட வேலை. தைராய்டு அறிக்கையை வாங்கி நின்ற இடத்திலேயே பிரித்துப் பார்ப்பவர்களின் கண் முதலில் போய் நிற்பது எண்ணுக்குப் பக்கத்தில் அச்சாகியிருக்கும் நட்சத்திரக் குறியில்தான். அதைக் கண்டதும் முகம் வாடிவிடுகிறது. அந்தக் குறி எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதைத் தங்கள் நாளிதழ் வாயிலாக வாசகர்களுக்குத் தெரிவிக்க விரும்புகிறேன்.

தைராய்டு அறிக்கையில் அச்சாகும் டி.எஸ்.எச். என்பது தைராய்டு சுரக்கும் ஹார்மோன் அன்று. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, கழுத்திலுள்ள தைராய்டுக்கு அனுப்பும் கட்டளை அது. இரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் குறைந்தால் ‘இன்னும் சுரந்து கொடு’ என்று கட்டளை வலுக்கும், டி.எஸ்.எச். ஏறும், ஹார்மோன் மிகுந்தால் கட்டளை அடங்கும், டி.எஸ்.எச். இறங்கும். ஆகவே இந்த எண் கூடியிருந்தால் பெரும்பாலும் தைராய்டு குறைவாக வேலை செய்கிறது என்றே பொருள். இந்தத் தலைகீழ்க் கணக்கை யாரும் எடுத்துச் சொல்லாததால், ‘தைராய்டு 9-க்கு ஏறிவிட்டது, எப்படிக் குறைப்பது?’ என்று கேட்பவர்களை ஓயாமல் சந்திக்கிறேன். தைராய்டு சுரக்கும் டி-4 சற்றே குறைந்தாலும் டி.எஸ்.எச். பல மடங்கு ஏறிவிடும். கோளாற்றை முன்கூட்டியே காட்டிக் கொடுப்பதால்தான் மருத்துவர்கள் இதை முதலில் எழுதித் தருகிறார்கள். சின்னக் காரணத்துக்கும் இது ஆடிப்போவதும் அதனால்தான்.

டி-4, டி-3 என்ற பெயர்கள், அந்த ஹார்மோன்களில் உள்ள அயோடின் அணுக்களின் எண்ணிக்கையிலிருந்து வந்தவை. இரத்தத்தில் ஓடும் டி-4-இல் ஏறத்தாழ முழுவதும் புரதங்களோடு பிணைந்து கிடக்கிறது. பிணைப்பில்லாத மிகச் சிறு பகுதியே உடலின் செல்களுக்குப் பயன்படுகிறது. கர்ப்பிணிகளுக்கும் கருத்தடை மாத்திரை உட்கொள்வோருக்கும் இந்தப் புரதங்கள் பெருகுவதால், நோய் ஏதுமின்றியே மொத்த டி-4 கூடுதலாகத் தெரியும். எனவே டி.எஸ்.எச்.சுக்குத் துணையாகப் படிக்க வேண்டியது ‘ஃப்ரீ டி-4’ என்று அச்சாகும் எண்ணைத்தான்.

இனி நட்சத்திரக் குறிக்கு வருகிறேன். இயல்பு வரம்புக்கு வெளியே போன எண்ணுக்கு அருகில்தான் அது விழும். பெரும்பாலான அறிக்கைகளில் டி.எஸ்.எச்.சின் இயல்பு வரம்பு, லிட்டருக்கு 0.4 முதல் 4 மில்லி யூனிட் வரை என்பதை ஒட்டியே இருக்கும். நலமாக உள்ளவர்கள் பலருடைய இரத்தத்தைச் சோதித்து, அவர்களில் நடுவிலுள்ள 95 விழுக்காட்டினரின் அளவைத்தான் வரம்பாக வைக்கிறார்கள். அப்படியானால் எந்த நோயும் இல்லாத நூறு பேரில் ஐந்து பேருக்குக் குறி விழத்தான் செய்யும். அதோடு டி.எஸ்.எச். இரவில் உச்சத்துக்குப் போய்ப் பிற்பகலில் தணிவது; காலையில் 4.6 என்று வந்தவருக்கே பிற்பகலில் 4-க்குக் கீழே வரக்கூடும். முதுமையில் அது இயல்பாகவே சற்று உயர்கிறது, கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் இறங்குகிறது. கடும் நோயில் படுத்து எழுந்தவருக்குச் சில வாரங்கள் நிலைகொள்ளாமல் ஆடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆசிரியையின் மாதிரியில் டி.எஸ்.எச். 0.05 என்றும் ஃப்ரீ டி-4 வரம்பைத் தாண்டியும் வந்தன. தாளில் பார்த்தால் தைராய்டு மிகையாகச் சுரக்கிறது என்று அடித்துச் சொல்லலாம். அவருக்கோ படபடப்பில்லை, கை நடுக்கமில்லை, எடையும் குறையவில்லை. மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டதற்கு இல்லை என்றார். சத்து மாத்திரை உண்டா என்று மாற்றிக் கேட்டேன். கைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். முடி உதிர்வதற்காக அவரே வாங்கிய பயோட்டின் என்ற வைட்டமின், ஒரு மாத்திரையில் 10 மில்லிகிராம். ஒரு நாளைக்கு நமக்குத் தேவையானது ஏறத்தாழ 30 மைக்ரோகிராம்தான். இது அதைப்போல் முந்நூறு மடங்குக்கும் மேல். ஒரு வாரம் அதை நிறுத்திவிட்டு வரச் சொல்லி மறுபடி எடுத்தபோது டி.எஸ்.எச். 2.1, ஃப்ரீ டி-4 இயல்பு.

பல கருவிகள், பயோட்டின் ஒரு புரதத்தோடு இறுக ஒட்டிக்கொள்ளும் தன்மையைக் கொண்டே ஹார்மோன்களை அளக்கின்றன. இரத்தத்தில் பயோட்டின் மிகுந்திருந்தால் அந்த ஒட்டுதல் கெட்டு, டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும் டி-4 பொய்யாகக் கூடியும் தெரியும். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2017-இலேயே இதுபற்றி எச்சரித்திருக்கிறது. எனக்கு மிகவும் கவலை தருவது வேறொன்று. முடி உதிர்வது தைராய்டு கோளாறின் அறிகுறியுமாகும். ஆகையால் இந்தச் சோதனைக்கு வருபவர்களில்தான் இந்த மாத்திரையை விழுங்குபவர்களும் மிகுதி.

டி.எஸ்.எச். 4-க்கும் 10-க்கும் இடையில், ஃப்ரீ டி-4 இயல்பு என்று வருவோருக்கு அவசரம் வேண்டியதில்லை. இரண்டு, மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்த்தால் பலருக்கு எண் தானாகவே வரம்புக்குள் வந்திருக்கும். 65 வயதும் அதற்கு மேலும் ஆன 737 பேரிடம் நடத்தி 2017-இல் வெளியான ஆய்வில், தைராய்டு ஹார்மோன் மாத்திரை டி.எஸ்.எச்.சைக் குறைத்ததே தவிர அவர்களுடைய சோர்வைக் குறைக்கவில்லை. ஆனால் கர்ப்பிணிகளும் கருத்தரிக்க விரும்புவோரும் இப்படிக் காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். தைராய்டுக்கு எதிரான டி.பி.ஓ. எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருந்தால், பின்னாளில் குறைபாடு முற்றுவதற்கு வாய்ப்பு அதிகம் என்பதால் தொடர்ந்து கவனிக்க வேண்டும். அரிதாக, கோளாறு பிட்யூட்டரியிலேயே இருக்கும்போது டி.எஸ்.எச். இயல்பாகவும் டி-4 மட்டும் குறைவாகவும் வரும், டி.எஸ்.எச். மட்டும் பார்த்தவருக்கு அது தெரியவே தெரியாது.

தைராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உடலிலுள்ள டி-4 பாதியாவதற்கே ஒரு வாரமாகிறது. எனவே அளவை மாற்றிய பத்தாம் நாளே பரிசோதனைக்கு வருவதில் பயனில்லை. ஆறு வாரம் பொறுக்க வேண்டும். மாதக்கணக்கில் மாத்திரையை மறந்துவிட்டுச் சோதனைக்கு முந்தைய சில நாள் மட்டும் ஒழுங்காக விழுங்கி வருபவர்களையும் அறிவேன். டி-4 இயல்பாகி, டி.எஸ்.எச். இறங்காமல் நின்று அதைக் காட்டிக்கொடுத்துவிடும். அன்றைய மாத்திரையை இரத்தம் கொடுத்த பிறகு எடுப்பது நல்லது. இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். மாத்திரையால் எண் வரம்புக்குள் வந்ததைக் குணமாகிவிட்டதாக எண்ணி நிறுத்திவிடாதீர்கள்; நிறுத்துவதும் குறைப்பதும் மருத்துவர் சொல்ல வேண்டியவை.

ஆய்வகங்களை நடத்துவோரிடம் என் வேண்டுகோள் இது. ஊசி குத்துவதற்கு முன் கடைசியாக மாத்திரை எடுத்த நாளையும் நேரத்தையும், சத்து மாத்திரைகளின் பெயரையும், கர்ப்பமா என்பதையும் கேட்டு, அவற்றை அறிக்கையின் மேற்பகுதியிலேயே அச்சிடுங்கள். இதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. கேட்காத ஆய்வகத்துக்குப் போகும் வாசகர்கள், இந்த மூன்றையும் தாங்களே ஒரு சீட்டில் எழுதி எடுத்துச் சென்று, இரத்தம் எடுப்பவரிடமும் பிறகு மருத்துவரிடமும் காட்டும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆய்வக நுட்புநர் ஒருவர்